போனில் கோட் அடித்தால் போகவில்லையா?



போன மாதம் மேல்லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ராத்திரி வலி கண்டது. வீட்டுப் பையன் 1990 அம்புலன்ஸ் நம்பரை முன்னுக்கு ஸ்டாரும் பின்னுக்கு ஹேஷும் போட்டு அடித்திருக்கிறான். போகவில்லை. அழுதுகொண்டு எங்களிடம் ஓடி வந்தான். வெறும் 1990 என்று அடித்தோம், உடனே எடுத்தார்கள். இந்த விஷயத்தை எல்லாரும் தெரிந்து வைக்க வேணும்.

1990 (அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்), 1929 (சிறுவர் பாதுகாப்பு) இதெல்லாம் பேசுகிற நம்பர். அப்படியே அடியுங்க. முன்னுக்கு 94 வேண்டாம். வட்ஸ்அப்பில் எடுத்தால் போகாது. 1990க்குக் காசு இல்லை. தோட்டம், பிரிவு, லய இலக்கம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்க.

ஸ்டார், ஹேஷ் போடுவது மீதிக்காசு பார்க்கிற மாதிரி வேலைக்கு. அது கம்பெனி கம்பியூட்டருக்குப் போகிறது. சில வேளை 'இன்வெலிட் எம்.எம்.ஐ. கோட்' என்று வரும். போன் உடைந்துவிட்டது என்று பயப்படாதீங்க. இப்படிப் பாருங்க:

1. *#06# அடியுங்க. 15 இலக்கம் வந்தால் போனில் பிழையில்லை. இதற்கு சிக்னலும் தேவையில்லை. அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்க, போன் களவு போனால் பொலிஸில் கேட்பார்கள்.

2. சிக்னல் இருக்கிறதா பாருங்க. பள்ளத்து லயமென்றால் மேட்டுக்குப் போய் அடியுங்க.

3. இரண்டு சிம் இருந்தால் எந்த சிம்மில் போகிறது என்று பாருங்க. ஒரு கம்பெனி கோட் மற்ற கம்பெனிக்குச் சரிவராது.

4. கடைசி ஹேஷ் விடுபட்டதா பாருங்க.

5. போனை அணைத்துப் போடுங்க. அதற்கும் சரிவராவிட்டால் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்க.

இன்னொன்று. "பரிசு விழுந்திருக்கு, *21* அடித்து இந்த நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அடிக்க வேண்டாம். உங்களுக்கு வருகிற கால் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். பேங்க் விஷயமும் அவன் காதுக்குப் போகும். தெரியாமல் அடித்துவிட்டீர்களா? ##002# அடியுங்க, திருப்பிவிட்டதெல்லாம் நின்றுபோகும்.

வெட்கப்படாமல் எங்களிடம் கொண்டு வாங்க. 1990ஐ இன்றைக்கே லயத்துக் கதவில் சோக்கால் எழுதி வையுங்க.