வெயிலும் வானொலி இரைச்சலும்



திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர் கோமாரி. இக்கரையில் மீனவர் வாடிகளிலும், வயற் காவற் கொட்டில்களிலும் சூரியத் தகடு இன்று புதுமைப் பொருளன்று. பகலில் வெயிலை வாங்கி மின்கலவடுக்கை நிரப்புகிறது. இரவில் விளக்கெரிய உதவுகிறது. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து பல குடும்பங்களை மீட்ட பொருள் அது. ஆயினும், அது வந்த இடத்தில் வானொலி கேட்போர் ஒரு குறை சொல்வதுண்டு. வெயில் ஏற ஏற வானொலியிலும் ஓர் இரைச்சல் ஏறுகிறது. பொழுது சாய்ந்ததும் அது அடங்கிவிடுகிறது. இதன் காரணம் யாது? பரிகாரம் யாது? இவ்விரண்டையுமே இன்று ஆராய்வோம்.

சூரியத் தகட்டுக்கும் வானொலிக்கும் பிறவிப் பகை ஏதுமில்லை. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கன் சூரியக்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, அதனைக் கொண்டு ஒரு சிறு வானொலி அனுப்பியையே இயக்கிக் காட்டினர். வெயிலைத் தகடு மின்னாக மாற்றும்போது ஓசை ஏதும் எழுவதில்லை. அங்கு எழுவது ஒரே திசையில் ஓடும் அமைதியான நேரோட்டமாகும். பின், குற்றவாளி யார்?

தகட்டுக்கும் மின்கலவடுக்குக்கும் இடையே உள்ள சிறு பெட்டியே அது. 12 வோல்ற்று அடுக்குக்கென விற்கப்படும் தகடு, சுமையின்றி நிற்கையில் 20 வோல்ற்றுக்கு மேலும் காட்டும். அதனை நேரே அடுக்கில் விட்டால், அடுக்கு அளவுக்கு மிஞ்சி ஏறிக் கெடும். ஆகவே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி வேண்டும். இக்காலத்துக் கட்டுப்படுத்திகளுட் பல, மின்னோட்டத்தை ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகின்றன. வாய்க்காலின் மதகை ஓயாது திறந்து மூடுபவனை ஒத்தது இச்செயல். நீர் அளவாகப் பாயும். ஆனால், ஒவ்வொரு முறையும் வாய்க்காலில் ஓர் அலை எழும்.

ஒரு கருவி நொடிக்கு 50 ஆயிரம் முறை, அதாவது 50 கிலோஹேட்சில், வெட்டுகிறதெனக் கொள்வோம். இதன் அலை 50இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150, 200 என அதன் மடங்குகளிலெல்லாம் எதிரொலிக்கும். மத்திய அலை நிலையங்கள் ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹேட்ஸ் வரை பரந்துள்ளன. அவ்வெல்லைக்குள் 550 தொடங்கி 1600 வரை 22 இடங்களில் இவ்விரைச்சல் வந்து அமரும். முள்ளை எங்கு திருப்பினும் சீற்றம் கேட்பது இதனாலேயே. தகட்டிலிருந்து இறங்கும் நீண்ட கம்பிகளோ, ஏரியல் போல நின்று இதனைச் சுற்றிலும் பரப்புகின்றன. பண்பலை வானொலி, அலையின் வீச்சைக் கருதாது மீடிறனின் மாற்றத்தை மட்டும் நோக்குவதால், அதில் இத்தொல்லை குறைவு. ஆனால் பண்பலை நெடுந்தொலைவு செல்லாது. தொலைவில் உள்ளோர்க்கு மத்திய அலையும் சிற்றலையுமே துணை.

அறுகம்பைக்கு வரும் உல்லாசப் பயணிகளுட் சிலர், வீடு போல அமைத்த ஊர்திகளிற் பயணம் செய்வர். அத்தகைய ஊர்தியில் இத்தொல்லை இரு மடங்காகும். கூரையில் தகடு, இருக்கையின் கீழ்க் கட்டுப்படுத்தி, பக்கத்தில் வானொலி என எல்லாம் சில அடிக்குள் அடங்கிவிடுகின்றன. அன்றியும், ஊர்தியின் இரும்புக் கூடு வெளியிலிருந்து வரும் நிலைய அலையைத் தடுக்கிறது. உள்ளே பிறந்த இரைச்சலோ உள்ளேயே சுழல்கிறது. அங்கு ஏரியலைக் கூரைக்கு வெளியே நிறுத்துவதே முதல் மருந்து.

இனி, நோயைத் துணிவது எப்படி? வானொலியை அதன் சொந்தச் சிறு மின்கலங்களில் இயக்கி, தகட்டை ஒரு தடித்த துணியால் முற்றாக மூடுக. இரைச்சல் நின்றால், மூலம் மின்னேற்றக் கருவியே. இரவிலும் இரைச்சல் இருப்பின், மின்குமிழ்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க; அவற்றுட் சிலவும் இதே குற்றம் புரிவன.

பரிகாரங்கள் எளியவை. வானொலியைக் கருவியிலிருந்து சில யார் தூரம் விலக்கி வைக்கலாம். உள்ளே உள்ள ஏரியற் கோல் திசையறியும் இயல்புடையதாதலால், பெட்டியை மெல்லத் திருப்பி இரைச்சல் குன்றும் நிலையைக் காணலாம். தகட்டின் இரு கம்பிகளையும் விலக்கி ஓடவிடாது, ஒன்றோடொன்று முறுக்கிக் குறுகலாக அமைத்தால், ஒன்றின் அலையை மற்றது அழிக்கும். கருவியின் அருகில் அவ்விரு கம்பிகளையும் சேர்த்து ஒரு பெரைற்று வளையத்திற் சில சுற்றுச் சுற்றினால், நேரோட்டம் தடையின்றிச் செல்ல, இரைச்சல் பெரிதும் தடைப்படும். எச்செய்தியேனும் கட்டாயம் கேட்க வேண்டிய வேளையில், மின்னேற்றத்தையே சிறிது நேரம் நிறுத்திவிடலாம். அப்போது முதலிற் கழற்ற வேண்டியது தகட்டின் தொடர்பையே. அடுக்கை முதலிற் கழற்றினால் கருவி கெடக்கூடும்.

ஓர் இரைச்சலுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கென்று சிலர் வினவலாம். 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி மட்டக்களப்புக் கரையைப் புடைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையெங்கும் உயிர்களை வாரிச் சென்றது. அன்று மக்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் எட்டவில்லை. அதன் பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் நாட்டில் அனர்த்த முகாமைத்துவ அமைப்பு உருவாயிற்று. இன்று எச்சரிக்கை பிறக்க வழியுண்டு. ஆயினும் மின்கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்த வேளையில், வாடியில் உள்ளவனுக்கு அதனைக் கொண்டு வருவது கைக்கு அடங்கும் வானொலியே. சொல்பவர் தெளிவாகச் சொல்லினும், கேட்பவர் காதில் இரைச்சல் மட்டுமே விழுமாயின் பயன் என்ன?

ஆதலின், மாரி பிறக்குமுன், வெயில் நன்கு எறிக்கும் ஒரு நண்பகலில் உங்கள் வானொலியைத் திறந்து சோதித்துப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். துணியால் மூடிப் பார்க்கும் அச்சிறு சோதனை அவர்களுக்கு நல்லதொரு விஞ்ஞான பாடம். குடும்பத்துக்கோ ஒரு காப்பு.