வெயிட்டான சொல்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லியை எலெக்ட்ரானிக் தராசில் கொட்டியதும் சிவப்பு எழுத்தில் ஒரு கிலோ என்று வருகிறது. தராசு உண்மையில் அளப்பது பூவை அல்ல, பூவைப் பூமி இழுக்கும் இழுப்பை. மதுரையில் சரிபார்த்த அந்தத் தராசை அப்படியே வட துருவத்துக்குத் தூக்கிப் போனால், அதே பூ கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம் கூடுதலாகக் காட்டும். பூமி சுழல்வதும் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதும் காரணம். மார்கழி மல்லி விலையில் 5 கிராம் சும்மா இல்லை! பழைய இரட்டைத் தட்டுத் தராசிடம் இந்த வித்தை பலிக்காது. அங்கே பூவோடு படிக்கல்லும் சேர்ந்தே கனக்கும்.

இந்த இழுப்பைத்தான் பாடப்புத்தகம் புவியீர்ப்பு என்கிறது. ஆங்கிலத்தில் கிராவிட்டி. கனமானது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நியூட்டனுக்கு முன்பே அது மனிதரின் கம்பீரத்தையும் குறித்தது. சமஸ்கிருத ‘குரு’வுக்கும் அதே வேர்தான். ஆப்பிளை விழவைத்ததும் வாத்தியாரைக் கும்பிட வைத்ததும் ஒரே சொல்குடும்பம்.

தமிழ் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. இழுப்பது ஈர்ப்பு, அதைக் காதலுக்கும் கொடுத்துவிட்டோம். மரியாதைக்குக் கனம். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் சற்றுத் தூரம் போனால், 2004-இல் தொடங்கிய உயர் நீதிமன்றக் கிளை. வழக்கு மனுக்களில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று எழுதுவது பழைய வழக்கம். பஸ் ஸ்டாண்டு பேச்சில் அதே மரியாதை ‘வெயிட்டான ஆளு’ ஆகிறது. கனம் தலைக்கு ஏறினால் மட்டும் வசவு. விபத்துச் செய்தியில் கிராவிட்டியை அப்படியே பெயர்த்து ‘நிலைமையின் ஈர்ப்பு’ என்று எழுதிப் பாருங்கள், ஊரே சிரிக்கும். அங்கே தீவிரம்தான் பொருந்தும்.

மேலூர் வயல்களுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. 1895-இல் திறந்த பெரியாறு அணை, மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. அது வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாய் வழியே மேலூர்ப் பக்கம் வருகிறது. சுரங்க வாயிலிருந்து வயல் வரை இறக்கம்தான் அதை நடத்துகிறது. பள்ளத்து வயலுக்குத் தானாகப் பாயும். மேட்டு வயல்காரர்தான் மோட்டார் வாங்க வேண்டும்.