குசினிக்குள் ஒரு போறணை

1560 இல் மன்னாரிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் நம் நாவிலும் சில சொற்களை விட்டுச் சென்றனர். குசினியும் போறணையும் அவர்தம் மொழியின் வழிவந்தவையே. முற்றத்தில் விறகு தின்ற போறணை இன்று குசினி மேடையின் கீழே மின்சாரத்தால் இயங்குகின்றது.

அதனை வாங்க விழைவோர் முதலில் நோக்கவேண்டியது அளவு. பெரும்பாலானவை 60 சென்ரிமீற்றர் அகலத்தன. மேடையை வார்த்தபின் போறணை தேடுதல், மணவறை சோடித்தபின் பெண் பார்ப்பதை ஒக்கும். முன்னரே தேர்ந்து, கையேடு குறிக்கும் காற்றிடைவெளியும் விட்டுக் கட்டுவதே முறை.

அடுத்தது மின்சாரம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. ஆகவே 13 அம்பியர் குதையொன்று 2,990 வோற்று வரையே தாங்கும். அதனை மிஞ்சும் போறணைக்குத் தனிக் கம்பியிணைப்பு வேண்டும். புவிக்கம்பியும், மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் ஆளியும் இல்லையேல் அதன் உலோக உடலே உயிர்ப்பகையாகும். இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

மூன்றாவது நமது கடற்காற்று. 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று உப்பையும் சுமந்து வருகின்றது. துருவேறா உருக்கினாற் செய்ததைத் தேர்தல் நன்று. போறணை ஆறியபின், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்துதலும் வேண்டும்.

எரிவாயுத் தட்டுப்பாடும் நெடுநேர மின்வெட்டும் ஒருங்கே வந்த 2022 ஐ நாம் மறந்திலோம். கேக் சுடுதல் ஒருநாட் களிப்பு. சோறோ அன்றாடத் தேவை. புதுப் போறணை வந்ததென்று விறகடுப்பை இடித்துவிட வேண்டாம்.