மரம் அறுப்பவரின் கருவியும் நமது மனச்சான்றும்

ஓசூர் என்றதும் தொழிற்சாலைகளே நம் கண்முன் வந்து நிற்கின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய நாள்தொட்டு, கன்னட நாட்டு எல்லையை ஒட்டிய இவ்வூர் படிப்படியாக வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. நம் பங்குக் குடும்பங்களுள் பல ஆலை வேலையை நம்பி வாழ்கின்றன. ஆலை வாயிலைக் கடந்து உள்ளே செல்பவருக்குத் தலைக்கவசம் உண்டு, கனத்த காலணி உண்டு, பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தர அலுவலர் உண்டு, நோயுற்றால் ஈ.எஸ்.ஐ. அட்டையும் உண்டு.

அதே ஆலையின் மதிற்சுவருக்கு வெளியே, மின்கம்பியை உரசும் வேப்பமரக் கிளையை வெட்ட ஒருவர் ஏறுகிறார். வெறுங்கால்; இடுப்பில் ஒரு கயிறு; கையில் இரைச்சலிடும் இயந்திர வாள். அவர் தம் கருவிகளையெல்லாம் கட்டி எடுத்து வந்தது, 1980-இல் இதே ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்த சிறு வண்டியில்தான். வேலை முடிந்ததும் கூலி பெற்றுச் செல்கிறார். விழுந்தால் அவருக்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்பதில்லை. அவருடைய கருவிகளைப் பற்றியும், அவற்றை அவர் கையில் கொடுத்து வேலை வாங்கும் நமது கடமையைப் பற்றியும் இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

கோடரியும் இழுவாளும்

நம் பாட்டனார் காலத்தில் மரம் வெட்டக் கோடரி, கொடுவாள், கயிறு, ஆப்பு ஆகியவையே போதுமானவையாக இருந்தன. பெரிய அடிமரத்தை அறுக்க இருபுறமும் பிடியுள்ள நீண்ட வாள் ஒன்று இருந்தது. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் இழுக்க மற்றவர் விட்டுக்கொடுக்க, மாறி மாறி அறுப்பர். பலகை அறுப்பதற்கோ குழி தோண்டி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நிற்பர். முற்றிய புளியமரம் ஒன்றைச் சாய்க்க ஒரு நாள் முழுவதும் ஆகும். உழைப்பு கடினமானது எனினும், வேலை மெதுவாக நடந்ததால் மரம் முனகுவதையும் சாய்வதையும் கண்டு விலகி நிற்க நேரம் இருந்தது.

இயந்திர வாளின் கதை

ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டில் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளையும், 1929-இல் பெட்ரோலால் ஓடும் வாளையும் உருவாக்கினார். அவை இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம் உடையவை. ஒருவரே கையாளும் வாள்கள் 1950-ஐ ஒட்டியே பரவலாயின. இன்று நம் ஊர்களில் காணும் வாள்கள் பல 5, 6 கிலோ எடையே உள்ளவை.

இவ்வாளின் பல்லுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் ஒரேகான் மாநிலத்து மரம் வெட்டியான ஜோசப் காக்ஸ், 1946-இல் ஒரு மரத்துண்டைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு நேராகத் துளைக்காமல், இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறியது. அதைப் பின்பற்றியே இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை அவர் வடித்தார். இன்றுவரை உலகெங்கும் ஓடும் வாள்களில் பெரும்பாலானவை இம்முறையைத் தழுவியவையே. படைத்தவரின் கைவண்ணம் ஒரு சிறு புழுவின் வாயிலும் பாடம் சொல்லுகின்றது!

ஆபத்து எங்கே?

முழு வேகத்தில் இச்சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் தொலைவு ஓடுகின்றது. வாள் அலகின் நுனியில், மேற்பகுதி தற்செயலாக ஒரு கிளையில் பட்டால், வாள் கண் இமைக்கும் நேரத்திற்குள் பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கித் துள்ளித் திரும்பும். இதைத் தடுக்கவே முன்கைப்பிடிக்கு அப்பால் ஒரு தடுப்புப் பலகை இருக்கின்றது. கை அதில் பட்டவுடன், அல்லது வாள் துள்ளிய வேகத்தாலேயே, சங்கிலி நின்றுவிடும். பழுதுற்ற அத்தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். வாளை ஒற்றைக் கையால் பிடிப்பதும், தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதும் அவ்வாறே.

மரத்தைச் சாய்ப்பதிலும் ஒரு முறை உண்டு. சாய வேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் கால்பங்கு அளவுக்கு ஆப்பு வடிவில் முதலில் வெட்ட வேண்டும். பின்னர் எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அறுத்து வர வேண்டும். ஆனால் முழுவதும் அறுத்துவிடக் கூடாது. நடுவில் பத்தில் ஒரு பங்கு தடிப்பில் விடப்படும் மரம், கதவின் கீல்போல நின்று மரத்தை உரிய திசையில் இறக்கும். அக்கீலை அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பம்போல் விழும். பெருங்கிளைக்கோ முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலே ஒரு வெட்டு, இறுதியில் எஞ்சிய முண்டு என மூன்று வெட்டுகள் வேண்டும். இல்லையேல் கிளை பட்டையோடு கிழிந்து, ஏறியவரையும் சேர்த்து இழுத்துவிடும்.

காப்புக் கருவிகள் விந்தையானவை அல்ல. தலைக்கவசம், முகவலை, காதடைப்பான், கையுறை ஆகியவற்றோடு, கால்களுக்கெனத் தனி உறையும் உண்டு. அதனுள் நீண்ட செயற்கை இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். வாள் பட்டதும் அவை சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும். தொடையைக் காப்பது இந்த நூற்கற்றையே.

ஏற்றும் வண்டிகளும் இறக்கும் வண்டிகளும்

காவேரிப்பட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஏறுவோருக்கும் இன்று துணைக்கருவி உண்டு. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி ஜோசப் வடித்த ஏறுகருவி பலரும் அறிந்தது. கால்மிதியுள்ள இரு இரும்புச் சட்டங்கள் கம்பி வடத்தால் மரத்தைத் தழுவ, மாறி மாறி மிதித்து மேலே செல்லலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ஏறுவோருக்குப் பயிற்சி அளித்ததோடு, ‘கேர சுரக்ஷா’ என்னும் விபத்துக் காப்பீட்டையும் ஏற்படுத்தியது.

பெருநகரங்களில் கூண்டுடன் கூடிய உயர்தூக்கி வண்டிகள் வந்துள்ளன. கூண்டினுள் நிற்பவர் இடுப்பு வாரைக் கூண்டோடு பிணைத்துக்கொண்டு, மரத்தில் ஏறாமலே கிளையை வெட்டலாம். பெருந்துண்டுகளைக் கிரேன் இறக்கும். டிராக்டரும் லாரியும் மர அறுவை ஆலைக்குக் கொண்டு சேர்க்கும். மண் அள்ளும் பேரியந்திரங்களை நம் எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில், 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனம் செய்து வருகின்றது. 1979-இல் இந்தியாவுக்கு வந்த ஜே.சி.பி.யோ இன்று சிற்றூர்த் தெருக்களிலும் ஓடுகின்றது. ஆனால் இதன் மண் அள்ளும் தொட்டியில் ஆளை நிறுத்தி, மேலே தூக்கிக் கிளை வெட்டச் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. அத்தொட்டி மண்ணுக்காகச் செய்யப்பட்டது, மனிதனுக்காக அன்று. அதில் பிணைப்பு வார் கிடையாது; ஓட்டுநரின் கை சற்றே பிசகினால் நிற்பவர் தரையில் கிடப்பார்.

புயல் நேரத்தில்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், வேளாங்கண்ணி யாத்திரையால் நாம் நன்கறிந்த அக்கடலோரப் பகுதியிலும் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலும் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அப்போது மக்கள் உணவுக்கு அடுத்தபடியாகத் தேடியது மரம் அறுக்கும் ஆள்களையே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் எச்சம் நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. மண் ஊறினால் வேர் பிடி தளர்வது இயல்பு. அத்தகைய வேளைகளில் அறுந்த மின்கம்பிகளுக்கு நடுவே முதலில் இறங்குபவர் இத்தொழிலாளரே. சாய்ந்து முறுக்கேறிக் கிடக்கும் மரம், நிற்கும் மரத்தைவிடக் கொடியது. அறுத்தவுடன் வில்லைப்போல் விடுபட்டு அடிக்கும்.

திருநூல் காட்டும் வழி

மரம் வெட்டுவோரின் விபத்தைத் திருநூலும் அறியும். காட்டில் மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அயலான் மேல் பட்டு அவன் இறந்தால் என்ன செய்வது என்று இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரம் பேசுகின்றது. வெட்டியவனுக்கு அடைக்கல நகர் உண்டு. அதே நூலின் 22-ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் எனப் பணிக்கின்றது. ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரனைச் சேரும். விழுந்தபின் அழுவதைவிட விழுமுன் தடுப்பதே இறைச்சட்டத்தின் நோக்கம். நம் வீட்டு மரத்தில் ஏறுபவருக்கும் இச்சட்டம் பொருந்தாதோ?

1981 செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடல், இயந்திரம் மனிதனுக்கு நண்பனாகவும் விளங்கலாம், சில வேளை பகைவனாகவும் மாறலாம் என்று எச்சரிக்கின்றது. இயந்திரத்துக்குப் பெட்ரோலும் எண்ணெயும் அளந்து ஊற்றுகிறோம். அதைப் பிடித்தவரின் உயிருக்கு என்ன அளந்து வைத்தோம்?

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, வெட்டத்தான் வேண்டுமா என எண்ணுவோம். நெடுஞ்சாலை அகலமானபோது நிழல் தந்த மரங்கள் மறைந்ததை நம் மூத்தோர் கண்டனர். கிளை கழிப்பதே போதுமாயின் அடிமரத்தை விட்டுவிடுவோம். சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் அரசுக்குரியவை, அனுமதியின்றித் தொடலாகாது. அத்திப்பள்ளியைக் கடந்து வேலைக்குச் செல்வோர், கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்திலும் பலவகை மரங்களுக்கு அனுமதி தேவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே ஆளை ஏற்றுவோம். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவுக்குக் குழந்தைகளும் வேடிக்கை பார்ப்போரும் அண்டாதபடி காவல் நிற்போம்.

மூன்றாவது, கூலி பேசும்போது குறைந்த தொகை கேட்பவரை மட்டுமே தேடாதிருப்போம். தலைக்கவசமும் பிணைப்பு வாரும் உள்ளவர் சற்று அதிகம் கேட்பார். நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஐந்நூறு ரூபாய், அவர் வாங்காமல் விட்ட கயிறாக இருக்கக்கூடும்.

நான்காவது, பங்கில் உள்ள இளைஞர் இயக்கமோ வின்சென்ட் தே பால் சபையோ ஒரு நல்ல பிணைப்பு வார், இரண்டு தலைக்கவசம், ஒரு கால் உறை ஆகியவற்றை வாங்கி ஆலயத்தில் வைக்கலாம். தேவைப்படும் தொழிலாளர் எந்த மதத்தவராயினும் இரவல் பெற்றுத் திருப்பித் தரட்டும். இறைவாக்கினர் எலிசாவின் காலத்தில், யோர்தான் கரையில் மரம் வெட்டியவன் தண்ணீரில் தவறவிட்டதும் இரவல் கோடரிதான். அந்த எளியவனின் கலக்கத்தையும் இறைவன் பொருட்படுத்தினார்.

ஒவ்வோர் ஆண்டும் மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பரைக் கொண்டாடுகிறோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்திய விழா அது. நாசரேத்துத் தச்சுப் பட்டறைக்கு வந்த மரத்தையும் யாரோ ஒரு தொழிலாளி வெட்டித்தான் கொடுத்திருக்க வேண்டும். வரும் மே விழாவில் ஆலைத் தொழிலாளரோடு நம் ஊர் மரம் அறுப்போரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர்தம் கருவிகளையும் பீடத்தின் முன் வைத்து மந்திரிப்போம். அன்றே அந்தப் பிணைப்பு வாரையும் அவர்கள் கையில் கொடுப்போம்.