லேத் மெஷினின் சாவி யார் கையில்?



பொங்கல் லீவு சமயம் கோத்தகிரி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அந்தக் குழுவின் பிரதிநிதி அக்கா தேயிலை பறிக்கிறவங்க. அவங்க பொண்ணு ஐ.டி.ஐ. முடிச்சிட்டு கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் லேத் ஓட்டுது. "எம் பொண்ணு சம்பளத்துல பிடிச்சுட்டாங்க மேடம், என்னன்னு கேளுங்க" என்றார் அக்கா.

பொண்ணு சொன்னது இது. நைட் ஷிப்ட் முடியுற நேரத்தில் யாரோ மெஷினில் ஒரு எண்ணை மாத்திட்டுப் போயிருக்காங்க. 0.05 என்று போட வேண்டிய இடத்தில் 0.5. காலையில் இவள் வந்து பட்டனை அழுத்த, இருபது ஜாப் அளவு குறைஞ்சு வீணாப் போச்சு. அந்த மாற்றம் இவளுடைய பாஸ்வேர்டில் பதிவாகி இருந்தது. அந்த பாஸ்வேர்டு ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். "முதல் ஜாப்பை அளந்து பார்க்காதது என் தப்புதான் மேடம். ஆனா எண்ணை மாத்தினது நானில்லை" என்றாள்.

கூட்டத்தில் இருந்த மத்த அக்காமாருக்கு இது ஒண்ணும் புரியலை. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் மேட்டுப்பாளையம் இறங்கி இந்த மாதிரி வேலைக்குத்தான் போறாங்க. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஊட்டி கேரட்டை ஒரு கையில் சுத்திக்கிட்டே கத்தியை வச்சா தோல் வட்டமாகச் சீவி வரும் இல்லையா? லேத் வேலையும் அதுதான். இரும்பை 'சக்' பிடிச்சுச் சுத்தும், 'டூல்' சீவும். பழைய லேத்தில் டூலை ஆள் கையால் திருப்பி நகர்த்தணும். கம்ப்யூட்டர் லேத்தில், அதாவது சி.என்.சி.யில், எழுதி வச்ச புரோகிராம்படி மோட்டார் நகர்த்தும். 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இப்படி எண்களால் ஓடும் மெஷினை முதலில் காட்டியபோது, ஓட்டை போட்ட காகித நாடாவில்தான் புரோகிராம் இருந்தது. இன்று எல்.எம்.டபிள்யூ. என்று நாம் அறிந்த கோவை நிறுவனமே சி.என்.சி. லேத்துகளைச் செய்கிறது. நம்ம மலைக்கும் மெஷின் புதுசு இல்லை. அருவங்காடு தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கேத்தி ஊசி கம்பெனி 1949-லும் வந்தவை.

புரோகிராம் என்பது எழுத்தும் எண்ணும் சேர்ந்த வரிகள். ஜி00 என்றால் வேகமா நகரு, ஜி01 என்றால் மெதுவா சீவிக்கிட்டே நகரு. எக்ஸ் என்பது விட்டம், இசட் என்பது நீளம். இதில் ஒரு புள்ளிகூட முக்கியம். பல மெஷின்களில் எக்ஸ் 50 என்று எழுதி புள்ளி வைக்க மறந்தால், 50 மில்லிமீட்டருக்குப் பதிலா 0.05 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கும். டூல் பாய்ந்து இரும்பில் மோதும். டூல் உடைஞ்சு தெறிச்சா என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவை மூடாமல் ஓட்டாதே என்பது இதற்குத்தான்.

இந்தப் புரோகிராம் மெஷினுக்குள் எப்படிப் போகுது? முன்பு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள் வரும். இரண்டு பக்கமும் ஒரே வேகம் வச்சிருக்கணும், இல்லாவிட்டால் ஏறாது. கேபிள் பதினைந்து மீட்டருக்கு மேல் நீண்டால் தகராறு. பழைய மெஷின்களில் இன்னும் இது உண்டு. இப்போது மெமரி கார்டு, பென் டிரைவ், நெட்வொர்க் என்று வந்தாச்சு. சுலபம்தான், ஆனால் ஆபத்தும் அதில்தான். பாட்டு ஏத்துற பென் டிரைவையே மெஷினிலும் சொருகினால் வைரஸ் வரும். அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: ஒரே நம்பரில் பழைய புரோகிராம், திருத்தின புரோகிராம் இரண்டும் இருக்கும். எது எது என்று தெரியாமல் பழையதை ஏத்திடுவாங்க. அதனால் ஏத்தியதும் வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கணும். முதல் ஜாப்பை வேகத்தைக் குறைச்சு, ஒவ்வொரு வரியாக ஓட்டணும். நிறுத்துற பட்டன் மேல் கை இருக்கணும். ஓட்டி முடிச்சு, அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த ஜாப்.

மெஷினில் இருக்கிறதை வெளியே எடுத்து வைப்பதும் அவசியம். பல மெஷின்களில் அந்த விவரங்களை ஒரு சின்ன பேட்டரி காப்பாத்துது. அது செத்துப்போனால் எல்லாம் அழியும். பேட்டரியை மெஷின் ஆன் ஆகி இருக்கும்போதே மாத்தணும் என்பது அனுபவமில்லாதவங்களுக்குத் தெரியாது.

இனி சாவிக்கு வருவோம். புரோகிராமைத் திருத்த முடியாமல் பூட்டுகிற சாவி மெஷினிலேயே உண்டு. ஃபானுக் வகை கன்ட்ரோலர் சிலவற்றில் எட்டுப் படி வரை அனுமதி இருக்கு. கீழ்ப் படிகளுக்குச் சாவி, மேல்படிகளுக்கு பாஸ்வேர்டு. ஓட்டுகிறவருக்கு, டூல் தேய்ந்ததுக்கு ஏற்ப 'ஆஃப்செட்' எண்ணைச் சிறிது மாத்த மட்டும் அனுமதி போதும். புரோகிராமை செட்டர் திருத்தலாம். மெஷினின் அடிப்படை அளவுகளைப் பராமரிப்பு ஆள் தவிர யாரும் தொடக்கூடாது. ஆனால் பல பட்டறையில் சாவி எப்பவும் மெஷினிலேயே தொங்கும், பாஸ்வேர்டு சாக்பீஸால் சுவரில் எழுதியிருக்கும். வேலை தடைபடக் கூடாதாம்!

சிரிக்காதீங்க. ஏதும் எழுதாத வித்டிராயல் ஸ்லிப்பில் மூணு பேரும் முன்கூட்டியே கையெழுத்து போட்டு ஊக்குநர்கிட்ட கொடுத்து வச்ச குழுவை நான் பார்த்திருக்கேன். அவங்க சொன்ன காரணமும் இதேதான்.

சம்பளப் பிடித்தம் பற்றி ஒன்று தெரிஞ்சுக்கணும். தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்குத்தான் பிடிக்கலாம், அதுவும் அவர் பக்க விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டத்திலேயே இது இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இந்தப் பொண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அவளிடம் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். அக்கா பயந்தாங்க, "வேலையை விட்டு அனுப்பிட்டா?" என்று. பொண்ணு எழுதிட்டா. பணம் திரும்ப வரலை. ஆனால் அவளுக்கென்று தனி பாஸ்வேர்டு கொடுத்திருக்காங்க. ஷிப்ட் மாறும்போது யார், எந்த எண்ணை, எவ்வளவு மாத்தினாங்க என்று எழுத ஒரு நோட்டும் போட்டிருக்காங்க. அந்த நோட்டில் கோடு போட்டு, தலைப்பு எழுதினது இவள்தானாம். நம்ம குழு வரவு செலவு நோட்டு மாதிரியே இருக்குன்னு அக்காவிடம் போனில் சொல்லியிருக்கா.