அச்சத்தின் இரண்டாம் பாகம்

திகிற் படமொன்று வசூலில் வெற்றி பெற்றுவிட்டால், அதன் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் தொடர்ந்து வருவது திரையுலக வழக்கம். அவ்வாறு வருபவை மூலப் படத்துக்கு ஈடாகின்றனவா? இன்று நாம் எடுத்துக்கொள்ளும் வினா இதுவே. இலக்கியம் பேசும் இடத்தில் திகிற் படத்துக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் எண்ணக்கூடும். படம் புதிதாயினும் அதன் மூலதனமாகிய அச்சம் மிகப் பழையது.

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காகக் கூறினார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தண்டிக்கவல்ல தலைவன் ஆகிய நான்கும் அச்சத்துக்கு அவர் காட்டியவை. திகிற் படங்களிற் பலவற்றை இந்நான்கனுள் அடக்கிவிடலாம். ஆயினும் அச்சத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அழுகை காரணம் தெரிந்த பின்னும் நிலைக்கும். அச்சமோ காரணம் தெரியத் தெரியத் தேய்ந்துபோகும். பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று அறிந்தவனை அந்தக் கதவு அச்சுறுத்தாது. இரண்டாம் பாகம் எடுப்பவர், கதவை முன்னரே திறந்து பார்த்துவிட்டவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியவர்.

1975இல் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய 'ஜோஸ்' படத்தைப் பாருங்கள். அதற்கெனச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. வேறு வழியின்றி, சுறாவைக் காட்டாமலே அது வருவதை உணர்த்த நேர்ந்தது. அசையும் நீரும் ஜோன் வில்லியம்ஸின் இசையும் அந்த வேலையைச் செய்தன. முதல் ஒரு மணி நேரத்தில் சுறாவின் முழு உருவத்தை நாம் காண்பதில்லை. காணாத சுறாவே பெரிய சுறாவாயிற்று. 1978இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்த மறைப்புக்கு வலுவில்லை. 1987இல் வந்த நான்காம் பாகத்திலோ சுறா ஒரு குடும்பத்தின்மீது வன்மம் வைத்துப் பழிவாங்க வருகிறது. அச்சம் அங்கே நகையாகிவிட்டது. 1973இல் உலகை நடுங்கவைத்த 'எக்ஸோசிஸ்ற்' படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. 1977இல் வந்த அதன் தொடர்ச்சியைப் பார்த்தவர்கள் அரங்கில் சிரித்தார்கள். நகையின் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்றல்லவா?

அப்படியாயின் இரண்டாம் பாகங்கள் எல்லாமே தோல்விதானா? இல்லை என்பதே என் துணிபு. அச்சத்தை மீண்டும் ஊட்ட முயலாமல், அதனை வேறொரு மெய்ப்பாட்டுக்கு உயர்த்தியவை வென்றிருக்கின்றன. 1979இல் ரிட்லி ஸ்கொற்றின் 'ஏலியன்' விண்கலமொன்றில் ஒரேயொரு கொடிய உயிரை உலவவிட்டு அச்சுறுத்தியது. 1986இல் ஜேம்ஸ் கமரன் அதன் தொடர்ச்சியைப் போர்க்கதையாக மாற்றினார். அனாதைச் சிறுமி ஒருத்தியைக் காக்க நாயகி தனியே திரும்பிச் செல்லும்போது நாம் அஞ்சுவதிலும் பார்க்க அவளது பெருமிதத்தில் ஒன்றிவிடுகிறோம்.

இவ்வகையில் தலைசிறந்ததாக நான் கருதுவது மிகப் பழைய படமொன்றை. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தழுவி, ஜேம்ஸ் வேல் 1931இல் ஒரு படத்தை எடுத்தார். பிணங்களின் உறுப்புகளைப் பொருத்தி விஞ்ஞானி ஒருவன் உயிர்கொடுத்த உருவமாகப் பொறிஸ் கார்லொவ் நடித்தார். அந்த உருவத்துக்கு அப்படத்தில் பேச்சில்லை. உறுமல் மட்டுமே உண்டு. இறுதியில் ஊரார் அதனைக் காற்றாலை ஒன்றுக்குள் வைத்து எரிக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளின் பின், 1935இல், அதே நெறியாளர் 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' என்ற தொடர்ச்சியை எடுத்தார். முதற் படம் விட்டுவிட்ட பகுதிகளைத் தேடி அவர் மூல நாவலுக்கே திரும்பினார். நாவலில் அந்தப் படைப்பு வாய்பேசாத மிருகமன்று. குடிசை வீடொன்றின் அருகே மறைந்திருந்து, அங்குள்ளோர் பேசுவதைக் கேட்டு மொழி பயில்கிறது. மில்ரனின் காவியத்தையும் படிக்கிறது. தன்னைப் படைத்தவனிடம் ஒரு துணையைக் கேட்கிறது. இரண்டாம் படம் அந்த நாவைத் திருப்பிக் கொடுத்தது. பேசினால் உருவத்தின் வலிமை குன்றும் என்று கார்லொவ் அதனை விரும்பவில்லை. ஆயினும் படத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

கண்பார்வையற்ற துறவி ஒருவரின் குடிலுக்கு அது வந்துசேரும் காட்சியை, சுவைக் கோட்பாடு கற்பிக்கும்போது என் மாணவர்க்கு நான் எடுத்துச் சொல்வதுண்டு. உருவத்தைக் காண இயலாத அம்முதியவர் அதனிடம் அஞ்சவில்லை. உணவு தருகிறார், வயலின் வாசிக்கிறார், நண்பன் என்ற சொல்லைக் கற்பிக்கிறார். அதன் கண்ணில் நீர் வடிகிறது. அப்பொழுது துப்பாக்கியோடு இருவர் வருகின்றனர். கண்ணுள்ளவர்கள் வந்ததும் நட்பு முடிந்துவிடுகிறது. இறுதியில், அதற்கென்றே படைக்கப்பட்ட மணமகளும் அதன் முகத்தைக் கண்டு அலறுகிறாள். நாவலை எழுதிய மேரி ஷெல்லியாகத் தொடக்கக் காட்சியில் தோன்றிய எல்சா லான்செஸ்ரரே அந்த மணமகளாகவும் நடித்தார் என்பது கருதத்தக்கது.

முதற் படத்தில் நாம் ஊராரோடு நின்று அந்த உருவத்துக்கு அஞ்சினோம். இரண்டாவதில் அந்த உருவத்தோடு நின்று ஊராருக்கு அஞ்சுகிறோம். ஒரு தொடர்ச்சி மூலத்தை விஞ்சுவதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வெற்றியின் காரணத்தைப் பின்வந்தவர்கள் உணரவில்லை. 1939இல் வந்த மூன்றாம் படத்தில் அந்த உருவம் மீண்டும் ஊமையாயிற்று. 1948இல் இரண்டு நகைச்சுவை நடிகர்களைத் துரத்தும் வேடிக்கைப் பொருளாகவே ஆகிவிட்டது. பேச்சைப் பறித்த இடத்தில் தொடங்கிய வழி கேலியில் வந்து முடிந்தது.

ஆகவே நேயர்களே, இரண்டாவது என்பதால் ஒரு படைப்புத் தாழ்ந்துவிடுவதில்லை. மறுபடியும் எப்படி அச்சுறுத்துவது என்று கேட்டவர்கள் தோற்றார்கள். நாம் அஞ்சிய ஒன்றின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் வென்றார். இது திரைக்கு மட்டும் உரிய பாடமன்று. எவருடைய சொல்லை நாம் கேட்க மறுக்கிறோமோ, அவரே நமக்குப் பூதமாகத் தெரிகிறார். அவரைப் பேசவிட்டுக் கேட்பதற்கே இரண்டாம் பாகம் வேண்டியிருக்கிறது.