கண்ணால் கண்டுபிடிக்கும் காய்ச்சல்

1961-ம் ஆண்டு ஜனவரி மாதம். டோக்கியோ நகரில் உள்ள செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரிக்கு நாலு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். காய்ச்சல் விடவில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

பையனைப் பார்த்தவர் டாக்டர் டோமிசாகு கவாசாகி. குழந்தை வைத்தியர். அவர் அறிந்த எந்த நோயோடும் இது பொருந்தவில்லை. பையன் குணமாகி வீடு திரும்பினான். ஆனால் என்ன நோய் என்பது மட்டும் தெரியவில்லை.

டாக்டர் அதை மறக்கவில்லை. மறு ஆண்டு அதே அடையாளங்களுடன் இன்னொரு குழந்தை வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். 1967-ல் 50 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் இதற்கு "கவாசாகி நோய்" என்றே பெயர்.

இருதயத்தில் ஆபத்து

தானாகவே தீர்ந்துவிடும் நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால், காய்ச்சல் விட்டுத் தேறி வந்த குழந்தைகள் சிலர் திடீரென்று இறந்தார்கள். பிரேத பரிசோதனையில் காரணம் தெரிந்தது. இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் அழற்சியினால் வீங்கிப் புடைத்து, அங்கே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது! வைத்தியம் செய்யாமல் விட்டால், நாலு குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குழாய்கள் கெடக்கூடும்.

ஐந்து அடையாளங்கள்

இந்த நோயை உறுதி செய்ய, தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. டாக்டரின் கண்தான் பரிசோதனை. ஐந்து நாளாவது நீடிக்கும் காய்ச்சலுடன் கீழ்க்கண்ட ஐந்தில் நான்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்:

பீளை தள்ளாமல் இரண்டு கண்ணும் சிவத்தல், உதடு வெடித்து நாக்கு செக்கச்சிவந்து போதல், உடம்பில் தடிப்பு, கை கால் வீங்கிச் சிவத்தல், கழுத்தில் நெறி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று மறைந்த பிறகு மற்றொன்று வரும். ஆகவே, தாயார் சொல்லும் விவரம் டாக்டருக்கு மிக முக்கியம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கோ அடையாளங்கள் குறைவு, ஆபத்து அதிகம்.

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குக் கையில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள் அல்லவா? அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால், அதுவும் ஒரு துப்பு.

பத்து நாள் கெடு

1984-ல் ஜப்பானிய டாக்டர்கள் நல்ல மருந்து ஒன்றை அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் இம்யூனோகுளோபுலின் அது. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம், பல மணி நேரம் மெதுவாக ரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள் ஏற்றினால், குழாய் புடைக்கும் ஆபத்து நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கூடவே ஆஸ்பிரினும் உண்டு. அதை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஏன் வருகிறது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. 2020-ல், 95-வது வயதில் கவாசாகி காலமானபோதும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

குழந்தையின் காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடாவிட்டால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். நேற்று இருந்து இன்று மறைந்த தடிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.